அடிக்கடி முடங்கும் சின்னக் கணினி: விண்டோஸைச் சீர்செய்வதா, லினக்ஸுக்கு மாறுவதா, ராஸ்பெரி பை வாங்குவதா?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கணினி பற்றி என்னிடம் யோசனை கேட்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். தங்கச்சிமடத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவியோ, பாம்பனில் விசைப்படகுக்குக் கணக்கெழுதுபவரோ, கையில் இருப்பது பழைய சின்ன மடிக்கணினி. 2 ஜிபி ரேம், மிஞ்சினால் 4 ஜிபி. வேலையின் நடுவே நீலத் திரை வருகிறது, அல்லது சுட்டி நகராமல் எல்லாம் உறைந்து நிற்கிறது, அல்லது பட்டென்று அணைந்து தானாக மறுபடி எழுகிறது. விண்டோஸை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸுக்கு மாறிவிடலாமா, இதை ஓரங்கட்டிவிட்டு ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி வாங்கலாமா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

இனியும் தள்ளிப்போட முடியாது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி (பிராசசர்). நம் வீடுகளில் கிடக்கும் சின்ன மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறாது.

என் உறுதியான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினி ஏன் முடங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இந்த மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். உப்பேறிய ரேம் தொடுமுனையை எந்த இயங்குதளமும் சரிசெய்யாது. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு பென் டிரைவே லினக்ஸில் முதல் பாடமாகவும் அமைந்துவிடும் என்பது நமக்குக் கிடைக்கும் வசதி.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். அவற்றின் வரிசையும் முக்கியம்.

1. முடக்கத்தின் காரணம்: கோளாறு கருவியிலா, மென்பொருளிலா?
2. விட முடியாத வேலை: எந்த ஒரு மென்பொருள் அல்லது கருவி இல்லாவிட்டால் உங்கள் பிழைப்போ படிப்போ நின்றுபோகும்?
3. மின்வெட்டையும் உப்புக் காற்றையும் தாங்கும் திறன்.
4. மொத்தச் செலவு: விலைச்சீட்டில் வராத பாட்டரி, அடாப்டர், இணைய டேட்டா, பஸ் கட்டணம், வேலை நின்ற நாட்கள் எல்லாம் சேர்த்து.
5. கற்கும் காலமும், சிக்கினால் கேட்க ஆள் கிடைப்பதும்.

வேகத்தை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. மெதுவாக ஓடினாலும் நிற்காமல் ஓடும் கணினியில் வேலை நடக்கும். வேகமாக ஓடி நடுவில் நின்றுபோவதில் நடக்காது.

## முதலில் காரணம்

கடல் காற்றில் வரும் உப்புத் துகள் விசிறியின் வழியே உள்ளே போய்ப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். நம் கரையில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பகலில் உலர்ந்து இரவில் கசியும் இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். காலையில் அடம்பிடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஒழுங்காக ஓடும் மடிக்கணினி என்றால் நான் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகிப்பேன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்போடு நுண்மணலும் சேர்ந்து விசிறியை அடைத்துக்கொள்ளும். அப்போது பிற்பகலில் சூடேறி நின்றுபோகும்.

மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியையும் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்து ரேம் அட்டையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் வரிசையாகப் பொன் முலாம் பூசிய தொடுமுனைகள் இருக்கும். எல்லாம் ஒரே மினுக்கத்தோடு இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மங்கிப் பழுப்பாகவோ பச்சை பூத்தோ இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்லத் துடைத்து, முழுதும் உலரவிட்டு, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நீலத் திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற சொல் அடிக்கடி வந்துகொண்டிருந்த கருவி, இந்த ஒரு வேலையிலேயே குணமாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில மடிக்கணினிகளில் ரேம் கணினியின் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வழி இல்லை.

அடுத்தது மின்சாரம். பழைய மடிக்கணினியில் பாட்டரி செத்துப்போய், அடாப்டரைச் செருகினால்தான் உயிரோடு இருக்கும் நிலை. கரண்ட் ஒரு நொடி போய்வந்தாலும் கணினி அணைந்துவிடும். அப்போது வட்டில் பாதி எழுதிய கோப்பு சிதையும். அடுத்த முறை திறக்கும்போது வேறு ஏதோ பிழை வரும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர்’ என்ற பெயரோடு 41 என்ற எண் திரும்பத் திரும்பத் தென்பட்டால், முறையாக மூடப்படாமல் கணினி அணைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பதிவின் நேரத்தையும் ஊரில் கரண்ட் போன நேரத்தையும் ஒத்துப்பாருங்கள். பொருந்தினால் உங்களுக்குத் தேவை புது பாட்டரி, புது இயங்குதளம் இல்லை.

கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும், நாணயம் போன்ற சிஆர்2032 பாட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறினால் உலாவி எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்க மறுக்கும். ‘இன்டர்நெட் போய்விட்டது, விண்டோஸ் கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டுவதற்கு முன் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்த்துவிடுங்கள்.

இனி பென் டிரைவ். 8 ஜிபி பென் டிரைவில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எழுதிக்கொள்ளுங்கள். தரவிறக்கம் ஏறக்குறைய 3 ஜிபி வரும். கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும், பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவுவதற்கான சின்னத்தைத் தொடாமல் அப்படியே சில நாட்கள் புழங்குங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் எதுவும் மாறாது. பென் டிரைவில் ஓடும்போது கணினி உள்ளிருக்கும் வட்டைச் சார்ந்திருப்பதில்லை. ஆகவே இங்கே நிற்காமல் ஓடி, விண்டோஸில் மட்டும் முடங்கினால் குற்றவாளி வட்டு அல்லது விண்டோஸ். இங்கேயும் அதே போல முடங்கினால் ரேம், சூடு, அடாப்டர், பலகை இவற்றில் ஒன்று.

முதல் வகை என்றால், அதே பென் டிரைவிலிருந்து ‘டிஸ்க்ஸ்’ என்ற மென்பொருளைத் திறந்து, வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் என்ற வரிகளில் எண் கூடிக்கொண்டே போனால் வட்டு சாகிறது. அன்றே கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். இரண்டாம் வகை என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற கருவியை இன்னொரு பென் டிரைவில் எழுதி ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேமை நம்பக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், துவக்க அமைப்புகளை மாற்றியவுடன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் கோப்புகளை இழந்து நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

## முதல் வழி: அதே கணினி, சீர்செய்த விண்டோஸ்

உங்கள் விட முடியாத வேலை விண்டோஸில் மட்டும்தான் நடக்கும் என்றால் மற்ற இரண்டு வழிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடைக் கணக்கு டேலியில் இருக்கிறதா? ஆதார் கைரேகைக் கருவியோ, டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ செருகி வேலை செய்கிறீர்களா? அலுவலகக் கோப்புகள் வானவில் போன்ற யூனிக்கோடு அல்லாத தமிழ் எழுத்துருக்களில் உள்ளனவா? இவற்றுக்கான மென்பொருள்கள் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டவை. லினக்ஸில் ஒப்பேற்றலாம் என்று யாராவது சொன்னால், வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது ஒப்பேற்ற முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

அச்சுப்பொறியும் இதில் சேரும். ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் புழங்கும் கேனான் எல்பிபி2900, காப்ட் என்ற தனி முறையில் கணினியோடு பேசுவது. லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு. எச்பி அச்சுப்பொறிகளுக்கு மாறாக நல்ல ஆதரவு இருக்கிறது.

சீர்செய்வது என்றால் வெறுமனே அழித்து மறுபடி போடுவதோடு நிற்கக் கூடாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவதுதான் இதில் பணத்துக்கு உரிய பலன் தரும் காரியம். அசையும் பாகம் இல்லாததால் அதிர்வும் மணலும் அதை அவ்வளவு பாதிப்பதில்லை. ரேம் செருகும் இடம் காலியாக இருந்தால் 4 ஜிபி கூட்டுங்கள். ஆனால் 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம் பலகையிலேயே ஒட்டப்பட்ட சின்னக் கருவிகளில் இந்த வழி அடைபட்டிருக்கும். அவற்றில் விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தாலே இடம் போதாமல் திணறும்.

சிறிய விஷயம் ஒன்று, பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், வேகமாகத் தொடங்குவதற்காக அமைப்பின் ஒரு பகுதியை அப்படியே வட்டில் உறங்கவைத்துவிடும். மறுநாள் எழும்போது நேற்றைய கோளாறும் கூடவே எழும். கோளாறு பார்க்கும் நாட்களில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அதுதான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும்.

மறைந்திருக்கும் செலவு உரிமத்தில் இருக்கிறது. கருவியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அதே கருவியில் மறுபடி செல்லும், பணம் கட்ட வேண்டாம். சில்லறைக்குப் போட்டுத்தரும் திருட்டுப் பதிப்பில் புதுப்பிப்பை முடக்கியிருப்பார்கள், பூட்டை உடைக்கும் மென்பொருளோடு வேறு என்ன நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் அதை வைத்திருக்காதீர்கள்.

## இரண்டாம் வழி: அதே கணினியில் லினக்ஸ்

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய அது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கக் கற்றுக்கொடுக்கவும் ஆள் இல்லை. அது ஒரு பெரிய இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

எந்த லினக்ஸ் என்பதை ரேம் அளவே தீர்மானிக்கட்டும். 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸிலிருந்து வருபவருக்கு மெனு, பணிப்பட்டை எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 2 ஜிபி என்றால் லுபுன்டு, அல்லது எல்எக்ஸ்கியூடி முகப்போடு டெபியன். செயலி 32 பிட் மட்டுமே என்றால் தெரிவு சுருங்கிவிட்டது: 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 அந்தக் கருவிகளில் நேரடியாக நிறுவும் வசதியைக் கைவிட்டது, டெபியன் 12தான் கடைசி.

லினக்ஸ் போட்டால் முடங்கவே முடங்காது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2 ஜிபி ரேமில் உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சுத்திணறும். இன்டெல்லின் பே டிரெயில் வகை ஆட்டம், செலரான் செயலிகள் உள்ள சின்னக் கருவிகளில் லினக்ஸ் காரணமே இல்லாமல் உறைந்து நிற்பது பல ஆண்டுகள் அறியப்பட்ட கோளாறு. செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய் எழ முடியாமல் போவதே காரணம். துவக்க அமைப்பில் அந்த உறக்க நிலையைத் தடுக்கும் ஒரு அளபுருவைச் (பாராமீட்டர்) சேர்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும், பதிலுக்குப் பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். பென் டிரைவில் சில நாள் புழங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கருவிக்கு இந்த நோய் உண்டா என்பது நிறுவும் முன்பே தெரிந்துவிடும்.

உறைந்துபோனால் என்ன செய்வது என்பதில்தான் லினக்ஸ் உண்மையிலேயே கற்றுக்கொடுக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்டால், நின்றது திரை முகப்பு மட்டும், உள்ளே கணினி உயிரோடு இருக்கிறது. அதுவும் வரவில்லை என்றால் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ், யு, பி விசைகளைச் சற்று இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். எஸ் நினைவில் இருப்பதை வட்டில் எழுதும், யு வட்டில் மேற்கொண்டு எழுதாமல் பூட்டும், பி மறுபடி தொடங்கும். பவர் பொத்தானை அழுத்தி அணைப்பதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது. மறுபடி எழுந்ததும் ‘ஜர்னல்சிடிஎல்’ என்ற கட்டளையில் முந்தைய துவக்கத்தின் பதிவைக் கேட்டு அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். நினைவகம் தீர்ந்து எந்த மென்பொருளைக் கணினியே கொன்றது, எந்த வட்டு பதில் சொல்லவில்லை என்பதெல்லாம் நேரத்தோடு அங்கே இருக்கும்.

தமிழ்த் தட்டச்சுக்குக் குறை இல்லை. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகக் கிடைக்கிறது. அலுவலக வேலைக்கு லிப்ரேஆபிஸ் இருக்கிறது. எக்செல்லில் செய்த டீசல், ஐஸ், வலைச் செலவுக் கணக்கும் பங்குப் பிரிப்பும் அதில் திறக்கும். மேக்ரோ எழுதிய கோப்புகள் மட்டும் தகராறு செய்யலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இவை. முதலாவது, டேட்டா: நிறுவிய அன்றே சில நூறு எம்பி புதுப்பிப்பு வரும். இரண்டாவது, வைஃபை: பிராட்காம் சில்லு உள்ள கருவிகளில் முதல் நாளில் வைஃபை வராது. கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் கொடுத்தால் இணையம் உடனே கிடைக்கும், அதை வைத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் பெரியது: சிக்கினால் கேட்க ஆள். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கேயும் பழுதுபார்க்கும் கடைகளில் லினக்ஸ் என்றதும், விண்டோஸ் போட்டுத் தருகிறோம் என்பார்கள். தேடிப் படிக்கும் பொறுமை உள்ள ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.

விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 240 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் வட்டைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கமென்றால் இரண்டும் இருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு: முதல் இடைஞ்சலிலேயே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

## மூன்றாம் வழி: ராஸ்பெரி பை

2012 முதல் விற்பனைக்கு வந்த இந்தப் பலகையின் மீது எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடுதான் சொல்கிறேன், முடங்கும் மடிக்கணினிக்கு மாற்றாக இதை வாங்குபவர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பலகையின் விலையை மட்டும் பார்த்துவிடுகிறார்கள். திரை, விசைப்பலகை, சுட்டி, உறை, மைக்ரோ எச்டிஎம்ஐ கம்பி, நல்ல எஸ்டி அட்டை, உரிய அடாப்டர் எல்லாம் சேரும்போது பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டியும் பாட்டரியும் போடும் செலவைத் தாண்டிவிடும். இதில் பாட்டரி இல்லை. மின்வெட்டு ஊரில் யுபிஎஸ் தனிச் செலவு.

செயலி, கைபேசிகளில் இருப்பது போன்ற ஏஆர்எம் வகை. டேலியோ மற்ற விண்டோஸ் மென்பொருளோ ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முடக்கத்தின் காரணங்களும் இங்கே வேறு. முதல் குற்றவாளி மின்சாரம். பை 4 கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர். பை 5 முழுத் திறனில் ஓட 5 வோல்ட், 5 ஆம்பியர். கைபேசி சார்ஜரைச் செருகினால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறியைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தால் அட்டையில் கோப்புகள் சிதையத் தொடங்கும். இரண்டாவது, எஸ்டி அட்டை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மறுநாள் எழாது. அமைப்புகளில் ‘ஓவர்லே’ முறையை இயக்கினால் அட்டையில் எதுவும் எழுதப்படாது, மின்வெட்டையும் தாங்கும். ஆனால் அன்றாடக் கோப்புகளை வேறு வட்டில் வைக்க வேண்டும். மூன்றாவது, உப்பு. திறந்த பலகையை ஜன்னலோரம் வைத்தால் முனைகள் சீக்கிரமே பச்சை பூக்கும்.

ஆனாலும் இயங்குதளங்களைக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட அச்சமில்லாத கருவி கிடையாது. அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் வேறு கணினி ஆகிவிடும். ஒன்றில் ராஸ்பெரி பை ஓஎஸ், இன்னொன்றில் வெறும் கட்டளைத் திரை மட்டும் உள்ள டெபியன் வகை, மூன்றாவதில் ரிஸ்க் ஓஎஸ். 1987இல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம், ஏஆர்எம் செயலிக்கென்றே வெளியிட்ட இயங்குதளம் அது, இன்றும் சில நொடிகளில் எழுந்து நிற்கும். அதில் மென்பொருள்கள் தாமாக முறை விட்டுக்கொடுத்துத்தான் ஓடுகின்றன. ஒன்று விட்டுக்கொடுக்க மறுத்தால் மொத்தக் கணினியும் நிற்கும். நவீன இயங்குதளங்கள் ஏன் மென்பொருள்களிடமிருந்து பொழுதைப் பிடுங்கிப் பகிர்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எல்லாம் கெட்டுப்போனால் அட்டையை மறுபடி எழுதிக்கொள்ளலாம். வீட்டுக் கணினியில் அந்தத் துணிச்சல் வராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சீர்செய்த விண்டோஸ் | அதே கணினியில் லினக்ஸ் | ராஸ்பெரி பை |
|---|---|---|---|
| கருவிக் கோளாறு இருந்தால் | தீராது | தீராது | பழைய கருவியை விட்டுவிடுவதால் தீரும் |
| டேலி, கைரேகைக் கருவி | ஓடும் | நம்ப முடியாது | ஓடாது |
| 2 ஜிபி ரேமில் | தள்ளாடும் | சில தாவல்கள் வரை சமாளிக்கும் | வாங்கும் பலகையைப் பொறுத்தது |
| மின்வெட்டு | நல்ல பாட்டரி இருந்தால் கவலையில்லை | அதே நிலை | யுபிஎஸ் அல்லது ஓவர்லே இல்லாமல் ஆபத்து |
| மறைந்த செலவு | எஸ்எஸ்டி, புதுப்பிப்பு முடிவுத் தேதி | டேட்டா, கற்கும் நாட்கள் | திரை, அடாப்டர், அட்டை, யுபிஎஸ் |
| ஊரில் உதவி | எங்கும் கிடைக்கும் | அரிது | மிக அரிது |

நான்காவதாக கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸைச் சிலர் சொல்வார்கள். 4 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் போதும், நிறுவுவதும் எளிது. ஆனால் அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது, இணையம் போனால் வேலை பெருமளவு நிற்கும். உலாவி மட்டுமே போதும் என்கிற, நல்ல பிராட்பேண்ட் இணைப்பு உள்ள வீட்டுக்குப் பரவாயில்லை.

## யாருக்கு எது

ஜெராக்ஸ், இணையச் சேவைக் கடை வைத்திருப்பவருக்கு: விண்டோஸ். கணினி விண்டோஸ் 11க்குத் தேறவில்லை என்றால், பயன்படுத்திய எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றைப் பார்த்து வாங்குவது மற்ற எல்லாச் சுற்றுவழிகளையும்விட மலிவு.

படகுக் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், வங்கி, பிள்ளைகளின் பாடம் என்று போகும் வீட்டுக்கு: எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட். தயங்காமல் சொல்வேன். எஸ்எஸ்டி போட முடியாத 32 ஜிபி கருவியானாலும் லினக்ஸ்தான்.

கணினி அறிவியல் படிக்கும் மாணவருக்கும் லினக்ஸ்தான், அதுவும் தனியாக. கையில் பணம் மிஞ்சி, உணரி, மோட்டார் என்று மின்னணுவியலிலும் ஆர்வம் இருந்தால் இரண்டாவது கருவியாக ராஸ்பெரி பை. முதல் கருவியாக வேண்டாம்.

ரேம் சோதனையில் தோற்று, ரேமை மாற்றவும் முடியாத கணினிக்கு எந்த இயங்குதளமும் வேண்டாம். வட்டைக் கழற்றிக் கோப்புகளை எடுத்துக்கொண்டு விடைகொடுத்துவிடுங்கள்.

## எப்போது மாறுவது

மீன்பிடித் தொழிலைச் சார்ந்த வீடுகளுக்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், அன்றாடக் கணக்கின் நெருக்கடி குறையும், கல்லூரிப் பிள்ளைகளும் விடுமுறையில் இருப்பார்கள். முதல் இரண்டு வாரம் பென் டிரைவில் மட்டும் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் கோப்புகளை இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டு நிறுவுங்கள். நிறுவிய அன்றே மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்டைத் திறந்து அமைப்பின் முதல் நகலை எடுத்துவிடுங்கள். பிறகு எதைக் கெடுத்தாலும் அந்த நாளுக்குத் திரும்பலாம். மென்பொருள் வேண்டுமென்றால் வலைத்தளங்களில் தேடி இறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு மென்பொருள் மேலாளரிலிருந்து எடுங்கள். கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பது முதல் வாரத்தில் குழப்பும், இரண்டாம் வாரத்தில் பழகிவிடும்.

மாறிய பிறகும் முடங்கினால் பதற்றத்தில் அணைத்துவிடாதீர்கள். திரையில் என்ன இருக்கிறதோ அதைக் கைபேசியில் படமெடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அப்போது திறந்திருந்த செயலிகள், அடாப்டர் செருகியிருந்ததா, கரண்ட் போய்வந்ததா என்று நாலு வரி எழுதுங்கள். உதவி கேட்டு வரும்போது அந்த நோட்டையும் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.